‘ஸ்கூல்ல வேலை’ என்று நான் சொன்னது

1

காலை பத்தரை மணிக்கு நான் போன் எடுக்கக் கூடாது. அந்த நேரத்தில் நூற்றெண்பது பிள்ளைகளுக்குத் தட்டு அடுக்கிக்கொண்டிருப்பேன். கையில் உறை, தலையில் வலைத்தொப்பி. பாரிஸுக்கு வடக்கே, ரயிலில் இருபத்தைந்து நிமிடம் தள்ளியிருக்கும் ஓர் ஊர். அங்கே ஓர் ஆரம்பப் பள்ளியின் சாப்பாட்டுக்கூடத்தில் எனக்கு வேலை. மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ஏப்ரன் பைக்குள் போன் இரண்டு முறை அதிர்ந்தது. புதுச்சேரியில் அப்போது மதியம் மூன்று மணி. வேலை நேரத்தில் ஊரிலிருந்து போன் வந்தால் அது நல்ல சேதியாக இருக்காது. வெளிநாட்டில் இருக்கிற யாரையும் கேட்டுப் பாருங்கள். பாத்திரம் கழுவும் இடத்தின் இரைச்சலுக்குள் போய் நின்று, வந்திருந்த குரல்பதிவைக் கேட்டேன்.

“அத்தே, யாழினி பேசறேன். கான்சுலேட்ல கூப்ட்டுட்டாங்க. அடுத்த வாரம் வியாழக்கெழம மத்தியானம் மூணு மணிக்கு. அத்தய கேட்டு பதில் எல்லாம் கத்துக்கோன்னு அப்பா சொல்றாரு. ஞாயித்துக்கெழம வீடியோ கால் போடறோம். பயமா இருக்கு அத்தே. வச்சிடறேன்.”

யாழினி என் தம்பி குமாரின் ஒரே மகள். தவளக்குப்பத்தில் வீடு. கல்லூரியில் நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளுக்கு இங்கே, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள ஒரு பையனோடு கல்யாணம் பேசியிருந்தார்கள். அப்படிப்பட்ட கல்யாணம் என்றால், தாலி கட்டுவதற்கு முன்னால் காகிதம் கட்டுக்கட்டாகச் சேர வேண்டும். மாப்பிள்ளையையும் பெண்ணையும் தனித்தனியாக உட்கார வைத்துப் பிரெஞ்சுக் கான்சுலேட்டில் கேள்வி கேட்பார்கள். எப்போது பார்த்துக்கொண்டீர்கள், அவருக்கு என்ன வேலை, உங்களை யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்றெல்லாம். பெண்ணோடு அப்பா, அம்மா யாரும் உள்ளே போக முடியாது. ஆகவே எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அந்த அறைக்குள் ஏற்கெனவே போய் வந்த ஒருத்தி, போகப்போகிறவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பாள். பரீட்சைக்குத் தயார் செய்கிற மாதிரிதான்.

இந்த முறை அந்த ஒருத்தி நான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. பிரான்சுக்கு வந்து நான்காவது வருடம் இந்த வேலை கிடைத்தபோது, அம்மாவுக்குப் போன் செய்து, “ஸ்கூல்ல வேலை கெடச்சிடுச்சும்மா” என்றேன். பொய் இல்லை. அம்மா பக்கத்து வீட்டில் சொன்னாள். பக்கத்து வீடு தெருவில் சொன்னது. ஒரே வாரத்தில் நான் டீச்சர் ஆகிவிட்டேன். அடுத்த முறை ஊருக்குப் போனபோது, “டீச்சரம்மா எப்ப வந்தீங்க?” என்று பால்காரர் கேட்டார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நான் சிரித்திருக்கக் கூடாது.

2

அந்தச் சம்பந்தத்தைப் பேசியது யார் என்று கேட்கிறீர்களா? அதுவும் என் வாய்தான்.

ஜனவரியில் எங்கள் பகுதித் தமிழர்கள் ஒரு மண்டபம் எடுத்துப் பொங்கல் வைத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வசந்தாம்மாவிடம் போனில் இருந்த படம் ஒன்றைக் காட்டினேன். நோணாங்குப்பத்தில், கழிமுகத் தண்ணீரில் முழங்கால் வரை இறங்கி நின்று, யாழினி கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் பிடிக்கிறாள். கல்லூரி ஆய்வு வேலை. அவளைப் படகில் ஏற்றிக்கொண்டு போனவன் குமார்தான். அங்கே சுற்றுலாப் படகுகளுக்கு இன்ஜின் மெக்கானிக் அவன். “எம்பொண்ணு கேட்ட எடத்துல எல்லாம் நிறுத்தித் தண்ணி எடுத்தோம்க்கா, பார்க்க வந்தவன்லாம் எங்கள ஆராய்ச்சிக்காரங்கன்னு நெனச்சிட்டான்” என்று எழுதி அனுப்பியிருந்தான். பெருமையாகத்தான் அந்தப் படத்தைக் காட்டினேன்.

வசந்தாம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். புட்டியைப் பெரிதாக்கவில்லை, முகத்தைத்தான்.

“பொண்ணு லட்சணமா இருக்கா. எங்க பையன் பிரவீனுக்குக் கேக்கலாமா கலா?”

பிரவீன் நல்ல பையன், மறைக்க ஒன்றுமில்லை. விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை, அதிர்ந்து பேச மாட்டான். அவன் தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்தவர், எங்கள் ஊர்ப் பேச்சில் ‘சொல்தா’ குடும்பம். குமாருக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரே ஒரு நிபந்தனை. மே மாதமே கல்யாணம். காகிதம் நகர மாதக்கணக்கில் ஆகும், அதனால் இப்போதே மனுப் போட வேண்டும் என்றார்கள். மூன்றாம் வருடத்தைப் பற்றி யாரோ கேட்டதற்கு வசந்தாம்மா சொன்ன பதிலும் காதில் நிற்கிறது. “இங்க இல்லாத காலேஜா?”

நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். தலையாட்டினேன்.

3

என் முறை வந்தபோது எனக்குப் பாடம் சொன்னது என் கணவரின் அக்கா. நான் அப்போது பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு. மில் மூடி அப்பா வேலை இழந்த வீட்டில் இருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண். எங்கள் தெருவில் என்னோடு சேர்த்து இரண்டே பேர்தான் பட்டப்படிப்புக்குப் போனோம். பஸ்ஸில் ஏறினால் தெருவே பார்க்கும்.

“படிப்ப பத்திக் கேட்டா, அங்க வந்து மேல படிப்பேன்னு சொல்லிடு. அந்த பதில் அவங்களுக்குப் புடிக்கும்” என்றார் நாத்தனார்.

கேட்டார்கள். சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் அதைப் பிரெஞ்சில் சொன்னார், எதிரே இருந்தவர் குறித்துக்கொண்டார். என் வாழ்க்கையில் யாரோ எழுதிவைத்துக்கொண்ட என் முதல் வாக்கியம் அதுதான். அதைச் சொல்லும்போது நான் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை விளங்காதது. முழுதாக நம்பித்தான் சொன்னேன்.

இங்கே வந்து மூன்றாவது மாதம், மதிப்பெண் பட்டியல்களை அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துப் பிரெஞ்சாக்கி, ஓர் அலுவலகத்துக்கு எடுத்துப்போனேன். அந்த அம்மாள் தங்கமானவர். ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். “இரண்டு வருடம் படித்திருக்கிறீர்கள், நல்லது. ஆனால் முடிக்காத பட்டத்துக்கு இங்கே சமானம் கிடையாது, மேடம். பள்ளி இறுதி முடித்தவர் என்றுதான் போட முடியும். முதல் வருடத்திலிருந்து தொடங்கலாம். அதற்கு முன்னால் மொழித் தேர்வு.” மொழி வகுப்புக்குப் பெயர் கொடுத்தேன். அங்கே ஒருநாள் ஆசிரியை இன்னும் ஒரு கேக் துண்டை நீட்ட, வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்லப்போய், பசு சினையாக இருப்பதற்குச் சொல்கிற வார்த்தையைச் சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. வேடிக்கை என்னவென்றால், நான் நிஜமாகவே என் மகள் மீராவை உண்டாகியிருந்தேன். அந்த வகுப்பையும் முடிக்கவில்லை.

யாரும் என்னைத் தடுக்கவில்லை. என் கணவர் ஒருநாளும் “படிக்காதே” என்று சொன்னவர் இல்லை. “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்பார். நானும் அதையேதான் சொன்னேன்.

4

அந்தச் செவ்வாய்க்கிழமை என் முகத்தைப் பார்த்து, “யார் செத்தது?” என்று கேட்டவள் ஃபரிதா. என்னோடு தட்டு அடுக்குபவள், காபூல்காரி, வயது இருபத்தைந்து. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருப்பது ஓட்டைப் பிரெஞ்சு ஒன்றுதான், ஆனால் அதில் நாங்கள் பேசாத விஷயம் இல்லை. அவள் அங்கே மருந்தியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். ஆட்சி மாறியது. பெண்களுக்கு இனிப் பல்கலைக்கழகம் கிடையாது என்று ஒருநாள் அறிவித்தார்கள். மறுநாள் காலை எப்போதும் போலக் கிளம்பிப் போனாளாம். “வாசல் வரை போய்ப் பார்க்காமல் எப்படி நம்புவது?” வாசலில் துப்பாக்கியோடு நின்றார்கள். திரும்பும் வழியெல்லாம், மறுநாள் எழுத வேண்டிய தேர்வுக்கு மனத்துக்குள் படித்துக்கொண்டே வந்தாளாம். “நிறுத்தத் தெரியவில்லை கலா” என்றாள்.

யாழினி விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, தக்காளியை வெட்டியபடியே கேட்டாள்.

“நீயும் இரண்டாம் ஆண்டில்தானே நின்றாய்? உன் வாசலில் யார் நின்றார்கள்?”

“யாரும் இல்லை. மேளக்காரர்கள்தான்.”

கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு இருவருமே சிரிப்பை நிறுத்தினோம், யார் முதலில் நிறுத்தியது என்று தெரியவில்லை.

எங்கள் மீரா இங்கே பல்கலைக்கழகத்தில் முதுகலை முதலாம் ஆண்டு. பதிவு செய்ய அவளோடு நானும் போனேன். படிப்படியாக ஏறும் பெரிய வகுப்பறை, எட்டிப் பார்த்தால் முக்கால்வாசியும் பெண் தலைகள். கடைசியாக ஊருக்குப் போனபோது தவளக்குப்பம் சந்திப்பிலும் அதைத்தான் பார்த்தேன். காலை எட்டு மணிக்குக் கல்லூரி பஸ்களின் ஜன்னலெல்லாம் பெண்கள், ஸ்கூட்டியில் பையை மாட்டிக்கொண்டு பெண்கள். நான் பஸ் ஏறியபோது என்னைப் பார்த்த அந்தத் தெருவில் இன்று கல்லூரிக்குப் போகாத பெண் இருந்தால்தான் பார்ப்பார்கள். சந்தோஷப்பட வேண்டியதுதானே? பட்டேன். ஆனால் ஃபரிதாவோடு தினமும் தக்காளி வெட்டுகிறவளுக்கு முழுச் சந்தோஷம் வருவதில்லை. அவள் பஸ்ஸும் ஒருகாலத்தில் அப்படி நிறைந்துதான் போனது. உள்ளே போனவர்களைத்தான் எல்லோரும் எண்ணுகிறார்கள். நடுவில் இறங்கியவர்களை எண்ண ஆள் இல்லை.

நான் இரண்டாம் ஆண்டில் நின்ற கதையை மீராவிடம் சொன்னேன். அவள் பிரெஞ்சில் கேட்டாள். “உன்னைக் கட்டாயப்படுத்தினார்களா?”

“இல்லடி.”

“அப்புறம் ஏன் விட்டாய்?”

பதில் சொல்லத் தமிழில் என்னிடம் ஆயிரம் வார்த்தை இருந்தது, அவளிடம் இல்லை. பிரெஞ்சில் அவளிடம் இருந்தது, என்னிடம் இல்லை. தோளைக் குலுக்கிவிட்டு அறைக்குப் போய்விட்டாள். அவளும் இப்போது, “ஒரு வருடம் நிறுத்திவிட்டு வேலை செய்யப் போகிறேன், பிறகு தொடரலாம், இங்கே எல்லோரும் செய்வதுதான்” என்கிறாள். இங்கே எல்லோரும் செய்வதுதான். திரும்பியும் போகிறார்கள். எனக்குத்தான் ‘பிறகு’ என்ற சொல்லில் நம்பிக்கை இல்லை.

5

ஞாயிற்றுக்கிழமை. போன் திரையில் நடுவே யாழினி, மடியில் நோட்டு. ஒரு பக்கம் குமார், இன்னொரு பக்கம் அவன் மனைவி செல்வி.

“கேளுக்கா, ஸ்டிரிக்டா கேளு. நீதான் அந்த ஆபீசர்னு நெனச்சிக்கோ” என்றான் குமார்.

கேட்டேன். மாப்பிள்ளை பெயர், பிறந்த ஊர், அக்கா தங்கை எத்தனை பேர், முதலில் எங்கே பேசினீர்கள். கடகடவென்று சொன்னாள். நோட்டைப் பார்க்கவே இல்லை. நன்றாகப் படிக்கிற பெண் இல்லையா?

“நீங்க படிச்சிட்டிருக்கீங்களே, அத என்ன பண்ணுவீங்க?”

யாழினி நிறுத்தினாள். “இதுக்கு நீங்க இன்னா சொன்னீங்க அத்தே?”

நான் வாய் திறப்பதற்குள் குமார் முந்திக்கொண்டான். “இதுல இன்னா இருக்கு? எங்க அத்த இப்டித்தான் ரெண்டாவது வருசத்துல கல்யாணம் பண்ணிட்டுப் போனாங்க, அங்க போயி படிச்சி இப்ப டீச்சரா இருக்காங்க, அவங்கள மாதிரி நானும் படிப்பேன்னு சொல்லு. அதவிட சாட்சி வேணுமா? ஏங்க்கா, சரிதான?”

யாழினி நோட்டைத் திறந்து அதை எழுத ஆரம்பித்தாள்.

எத்தனையோ பயம் பார்த்திருக்கிறேன். விமானத்தில் முதல்முதலாகத் தனியாக ஏறிய பயம், விசா தேதி முடியப்போகிற பயம், அம்மாவுக்கு உடம்பு முடியாதபோது டிக்கெட் கிடைக்காத பயம். இது வேறு. ஒரு பேனா நகர்ந்துகொண்டிருந்தது. என் பொய் ஒரு பெண்ணின் கையெழுத்தில் ஏறிக்கொண்டிருந்தது. நான் சும்மா இருந்தால் போதும், வரி முடிந்துவிடும்.

“எழுதாத யாழினி.”

நிமிர்ந்தாள்.

“நான் டீச்சர் இல்ல. படிக்கவும் இல்ல. ஸ்கூல்ல சாப்பாடு போடறேன். தட்டு கழுவறேன். மேச தொடைக்கறேன்.”

குமார் சிரித்தான். “இன்னாக்கா, வெளாடறியா?”

“இல்லடா.”

முதலில் பேசியவள் செல்வி. இருபது வருடத்தில் என்னிடம் நேராக எதையும் கேட்டவள் இல்லை.

“அண்ணி, ரெண்டு வருசம் படிச்ச மார்க் சீட்டு அங்க செல்லுமா?”

“முடிச்சாத்தான் பட்டம் செல்லும் செல்வி. பாதியில உட்டா திரும்ப முதல்லேருந்து. அதுவும் அவங்க பாஷையில.”

“ஏன்க்கா?” குமாரின் குரல் கம்மியது. “போன் பண்றப்பல்லாம் நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னுதான சொன்ன? அந்த டவர் முன்னாடி நின்னு போட்டோ அனுப்பினியே. அத நம்பித்தான எம்புள்ளயும் அப்டி இருக்கட்டும்னு ஆசப்பட்டேன். கல்யாணப் பத்திரிகைக்கு மாடல் பாத்துட்டேன்க்கா. இப்ப வந்து சொல்ற.”

“இப்பவாவது சொன்னனேடா.”

“மொதல்லயே சொல்லியிருந்தா யாரு உன்ன கேவலமா பேசப்போறாங்க?”

திரையிலிருந்து எழுந்து போய்விட்டான்.

யாழினி எழுதிய வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “அப்ப நான் இன்னா அத்தே சொல்றது?”

“எனக்குத் தெரியலம்மா. எனக்குச் சொல்லிக்குடுத்தத நான் சொன்னேன். உனக்கு நான் சொல்லிக்குடுக்க மாட்டேன்.”

6

வியாழக்கிழமை பத்தரை மணி. அன்று மீன். முள் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் போட வேண்டும். எந்தப் பிள்ளைக்கு என்ன போட்டேன் என்று எனக்கு நினைவில்லை. ஒருவேளை, அப்பாவுக்காக அவள் அந்தப் பொய்யையே சொல்லிவிட்டால்? சொல்லாவிட்டால், ஊர் என்ன பேசும்? நாளைக்கு வேறு வரன் வராமல் போய், “அத்தையால்தான்” என்று அவளே நினைத்தால்? ஃபரிதா என் வரிசையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்கு யாழினியின் குரல்பதிவு வந்தது. பின்னால் வண்டிச் சத்தம்.

“அத்தே, கட்டாயப்படுத்தறாங்களான்னு கேட்டாங்க, இல்லன்னேன். அது நெஜந்தான. படிப்ப கேட்டாங்க. மூணாவது வருசம் முடிச்சிட்டுதான் கல்யாணம்னேன். வீட்ல இத சொல்லிட்டியான்னு கேட்டாங்க. இல்ல, இங்கதான் மொதல்ல சொல்றேன்னேன். அவங்க பேனாவ கீழ வச்சிட்டாங்க அத்தே.” சின்னதாகச் சிரித்தாள், பிறகு குரல் இறங்கியது. “வெளிய அப்பா நிக்கறாரு. இனிமேதான் அவருகிட்ட சொல்லணும்.”

வசந்தாம்மா வீட்டில் ஒரு வருடம் காத்திருக்க முடியாது என்றுவிட்டார்கள். பிரவீன் மட்டும் தனியாக எனக்குப் போன் செய்து, “அவங்க படிக்கட்டும் ஆன்ட்டி” என்றான். வைகாசியில் அவனுக்கு வேறு இடத்தில் முடிந்தது. அந்தப் பெண்ணும் ஏதோ கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள் என்று கேள்வி. எத்தனையாம் ஆண்டு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

குமார் மூன்று மாதம் பேசவில்லை. போன வாரம் கூப்பிட்டான். படகு இன்ஜின் இரைச்சலுக்கு நடுவில் கத்தினான்.

“அக்கா, எத்தினி புள்ளைங்களுக்கு சோறு போடற?”

“நூத்தி எண்பது.”

“தெனமுமா?”

“புதன்கெழம ஸ்கூல் கெடையாது.”

“அவ மூணாவது வருசம் சேந்துட்டா. இன்னிக்குத் தண்ணி எடுக்க வந்திருக்கா” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “ஆனா ஒண்ணுக்கா. தெருவுல நான் யார்கிட்டயும் சொல்லல. நீ டீச்சர்னே இருக்கட்டும். ஏற்கெனவே சம்பந்தம் போச்சி, இதுவும் தெரிஞ்சா என்னால தல நிமிந்து நடக்க முடியாது. காலேஜ் படிக்கற எதிர்வீட்டு மாலதி பொண்ணுக்குக்கூட அங்கேருந்து ஒரு எடம் வந்திருக்கு. ஒங்க அக்கா மாதிரின்னு சொல்லி சந்தோசப்படறாங்க. நீ ஒண்ணும் வாயத் தொறக்காத, சரியா?”

“சரிடா” என்றேன்.

போனை வைத்த பிறகுதான் அந்தச் ‘சரிடா’ எனக்குக் கேட்டது. மாலதி மகளுக்கு என்னிடம் பாடம் கேட்கத் தேவையில்லை. என் பெயரே போதும். கான்சுலேட்டில் அதைச் சொல்லிவிட்டு வந்துவிடுவாள்.

அதனால் இதை எழுதி, நீங்கள் படிக்கிற இந்தப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். என் தம்பிக்குத் தெரியாது. தவளக்குப்பத்திலும் இதை வாங்குகிறார்கள், யாராவது ஒருவர் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போய் அவனிடம் காட்டத்தான் போகிறார்கள். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு அவன் படிப்பான். படித்து முடித்ததும் என்னைக் கூப்பிடுவானா, இனி கூப்பிடவே மாட்டானா, தெரியவில்லை. இப்போதே போன் அதிர்ந்தால் எடுக்கக் கை வரவில்லை.